பானர்மேனைப் பார்த்தேன்!

மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு

கல்லறைத் தோட்டம் என்றதும் நம் ஹாஸ்டல் நண்பர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ வாசனை... அப்புறம் அந்தக் கதையை ராத்திரி பூரா கேட்டுவிட்டு பாத்ரூம் போகக்கூடத் துணைக்கு ஆள் தேடுகிற ஃபர்ஸ்ட் இயர் தம்பிகள்! ஆனால் காலை 9 மணிக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வரிசையாகக் கல்லறைக்குள் நடந்து, ஒவ்வொரு சமாதி முன்னாலும் நின்று கதை கேட்பதற்கென்றே ஜனங்கள் வருகிறார்கள் என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. போன மே மாதம் செமஸ்டர் லீவில் நேரில் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இடம், மலேசியாவில் பினாங்குத் தீவு. அங்கே ஜார்ஜ் டவுன் என்கிற பழைய நகரம். என் தாய்மாமா இருபது வருஷமாக அங்கே லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறார். அவர் மகள் கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். (டிக்கெட் மாமா உபயம். நம்ம பாக்கெட் மணிக்குக் கோவில்பட்டி பஸ் டிக்கெட்டே ஜாஸ்தி.) கல்யாணம் முடிந்து, சொந்தக்காரர் வீட்டு விருந்தெல்லாம் முடிந்து, நான் சோபாவில் சாய்ந்து கிடந்தபோது மாமா வந்தார்.

"எல, இங்க வந்தும் போனத்தான் நோண்டிக்கிட்டு கெடக்க? வெளிய போயி நாலு எடத்தப் பாரு."

நான் கேட்டது பினாங்குப் பாலம். 1985-ல் திறந்தது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், நடுவில் கேபிளில் தொங்கும் ஸ்பான் 225 மீட்டர். சிவில்காரனுக்கு வேறென்ன வேண்டும்? அதைப் பார்த்தாயிற்று. அடுத்து மாமா சொன்னதுதான் இந்தக் கல்லறை நடை. கடைக்கு ரெகுலராகத் துணி எடுக்க வரும் ஒரு சீன அம்மா, ரிட்டயர்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் ஆட்களைக் கூட்டிப்போய் சரித்திரம் சொல்லுவாராம். "அந்த டீச்சரம்மா சொன்னா கேட்டுக்கிட்டே இருக்கலாம்ல. எனக்கும் காலையில லீவுதான், வாரேன்" என்றார் மாமா. சாவு வீட்டுக்குப் போய்வந்தாலே தலை முழுகாமல் வாசல்படி ஏற விடாத எங்கள் அம்மா, "கல்யாணம் நடந்த வீட்டுலருந்து சுடுகாட்டுக்கா?" என்று முகத்தைச் சுளித்தார். மாமா காதில் வாங்கவில்லை.

பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம் என்று அதற்குப் பெயர். ஜாலான் சுல்தான் அகமது ஷா என்கிற பெரிய ரோட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அது நார்த்தம் ரோடு. பக்கத்திலேயே 1885-ல் தொடங்கின ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டல். 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பிறகு டூரிஸ்ட் கூட்டம் ஜாஸ்தியாம். வெளியே கார் சத்தம். கேட்டைத் தாண்டினால் சத்தம் அப்படியே அமுங்கிவிடுகிறது. உள்ளே கெம்போஜா மரங்கள். நம் பக்கம் ஈழத்தலரி என்போமே, அதேதான். வெள்ளைப் பூ கீழே கொட்டிக் கிடக்கிறது. அதற்கு நடுவே சுமார் 500 கல்லறைகள். கூர்நுனித் தூண், மண்டபம், பெட்டி, பாதியில் உடைந்த மாதிரியே கட்டின தூண் (அற்பாயுசில் போனவர் என்று அர்த்தமாம்) என்று விதவிதமான டிசைன். நம் ட்ராயிங் ஹாலில் மாடலாக வைக்கலாம்.

டீச்சரம்மா ரூல்ஸை முதலிலேயே சொல்லிவிட்டார். கல்லறை மேல் உட்காரக் கூடாது. சாக்பீஸ் தேய்த்து எழுத்துப் படிக்கக் கூடாது. கொசு மருந்து தடவிக்கொள்ள வேண்டும். (கடைசி ரூலை மாமா மதிக்கவில்லை. பலனை அரைமணி நேரத்தில் அனுபவித்தார்!) நாங்கள் மொத்தம் இருபது பேர் இருப்போம். சீனர்கள் அதிகம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு தம்பதி, காலேஜில் படிக்கிற இரண்டு மலாய்ப் பெண்கள். தமிழ் முகம் நானும் மாமாவும்தான்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 200 வருஷ மழையில் கல்லெழுத்து மழுங்கிப் போயிருக்கும். நேராகப் பார்த்தால் வெறும் கல்தான். டீச்சரம்மா கைப்பையிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தார். வெயிலை அதில் வாங்கி, கல்லின் ஓரத்திலிருந்து சாய்வாக அடித்தார். அவ்வளவுதான்! ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, பெயரும் வருஷமும் பளிச்சென்று எழும்பி வந்தது. மறுபடி கண்ணாடியைத் திருப்பினால் மறைந்துவிடும். கல்லைத் தொடாமல் படிக்கிற வித்தை. ராத்திரியில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலும் இதே எஃபெக்ட்தான் என்றார். நம் ஊர்க் கோயில் கல்வெட்டிலும் முயற்சி பண்ணலாம், செலவு ஒரு கண்ணாடி.

முதல் நிறுத்தம், பிரான்சிஸ் லைட். 1786-ல் ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடி ஏற்றியவர். 1794-ல் காய்ச்சலில் செத்துப் போனார். காட்டை வெட்ட ஆள் வரவில்லை என்று பீரங்கியில் வெள்ளிக் காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசைப் பொறுக்கப் போனவர்கள் காட்டை வெட்டித் தீர்த்தார்கள் என்று ஒரு கதை. "நிஜமா என்று கேட்காதீர்கள், ஆனால் நல்ல கான்ட்ராக்டர்" என்றார் டீச்சரம்மா. இந்த ஊர்க் கோட்டையில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. அப்பாவின் படம் கிடைக்காததால் மகனின் முகத்தைப் பார்த்துச் செய்தார்களாம். அந்த மகன் வில்லியம் லைட் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்குப் பிளான் போட்ட சர்வேயர். ஆஸ்திரேலியத் தம்பதி உடனே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அடிலெய்டுக்காரர்கள்.

அடுத்து தாமஸ் லியோனோவென்ஸ், இறந்தது 1859. இவர் பெரிய ஆள் இல்லை. இந்த ஊரில் ஒரு ஹோட்டலைக் கவனித்துக்கொண்டவர். ஆனால் மனைவி அன்னா பின்னாளில் சயாம் ராஜா வீட்டில் பிள்ளைகளுக்கு டீச்சராகி, புத்தகம் எழுதி, அது நாடகமாகி, ஹாலிவுட் படமும் ஆனது. புருஷன் ராணுவ மேஜர், புலி வேட்டைக்குப் போய் இறந்தார் என்று அந்த அம்மா உலகத்துக்குச் சொல்லிவிட்டார். தான் அகமத்நகரில் பிறந்ததையும் மறைத்து, வேல்ஸ் நாடு என்று சொல்லிக்கொண்டார். எனக்கு என்னவோ அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. கையில் இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவில் நின்ற விதவை, அந்தக் காலத்தில் வேறு எந்த சர்டிஃபிகேட்டைக் காட்டி வேலை வாங்கியிருக்க முடியும்? அவர் சொன்ன கதை உலகம் சுற்றிவிட்டது. கல் மட்டும் பினாங்கில் அப்படியே நிற்கிறது.

மூன்றாவதாக வந்தவர் வில்லியம் பெட்ரி. பினாங்கு கவர்னராக இருந்து 1816-ல் இங்கேயே இறந்தவர். இந்தப் பெயரை சிவில் நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இவர் அதற்கு முன்னால் இருந்தது மெட்ராஸில்! 1786-ல் எழும்பூரில் தன் வீட்டிலேயே நட்சத்திரம் பார்க்க ஒரு சின்ன அப்சர்வேட்டரி வைத்தார். அதைப் பின்னால் கம்பெனி எடுத்துக்கொண்டு, நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது 1792-ல். அந்தக் கட்டடத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அப்சர்வேட்டரியை நிர்மாணித்த மைக்கேல் டாப்பிங் 1794-ல் தொடங்கின சர்வே ஸ்கூல்தான் பிறகு கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆனது. ஆக, நாம் செயினையும் லெவலிங் ஸ்டாஃபையும் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவதற்கு ஆதி காரணத்தில் பாதி இவர் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. மனசுக்குள் ஒரு வணக்கம் வைத்தேன். திட்டவும் செய்தேன்.

இன்னொரு சிவில் சமாச்சாரம். பெரும்பாலான கல்லறைகள் செங்கல் கட்டுமானம், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பழைய ரிப்பேரில் சில இடத்தில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அங்கெல்லாம் பூச்சு பாளம் பாளமாக உரிந்து, உள்ளே செங்கல் பொடிந்து நிற்கிறது. சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். உள்ளே மாட்டின ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து, காயும்போது அந்த உப்பு உறைந்து செங்கலை உடைக்கும். மெட்டீரியல்ஸ் பேப்பரில் ஐந்து மார்க்குக்கு எழுதினதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"இதையெல்லாம் யார் கட்டினாங்கன்னு கேளு" என்றார் மாமா. கேட்டேன். ஒவ்வொரு கல்லறையையும் கட்டின கொத்தனார் யார் என்று எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஜார்ஜ் டவுனில் ரோடு, பாலம், அரசாங்கக் கட்டடம் என்று பெரிய வேலைகளில் உழைத்தவர்களில் முக்கியமானவர்கள் இந்தியக் கைதிகள் என்றார் டீச்சரம்மா. கம்பெனி தன் ராஜ்யத்தில் தண்டனை பெற்றவர்களைக் கப்பலேற்றி இங்கே அனுப்பியது. 1796-ல் அந்தமான் குடியேற்றத்தைக் கைவிட்டபோது அங்கிருந்து மட்டும் சுமார் 700 கைதிகள் வந்தார்கள். 1818-ல் கட்டி முடித்த புனித ஜார்ஜ் தேவாலயம், இதே ஊரில் வெள்ளைத் தூண்களோடு ஜம்மென்று நிற்கிறதே, அதுவும் கைதிகள் கை வேலைதான். வங்காளி, தெலுங்கர், நம் ஆட்கள் எல்லாம் கலந்து. இதைக் கேட்டதும் மாமா ஒரு நிமிஷம் பேசவில்லை. கால் கொசுவை மட்டும் தட்டினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நடையில்தான் டீச்சரம்மா அடுத்த கவர்னரைக் காட்டினார்.

"கர்னல் ஜான் அலெக்சாண்டர் பானர்மேன். 1817-ல் கவர்னராக வந்தார். 1819-ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரைப் பிடித்தபோது கடுமையாக எதிர்த்தார், படை அனுப்ப மறுத்தார். அதே ஆகஸ்டில் காலரா வந்து இறந்தார்." வங்காளத்தில் 1817-ல் கிளம்பின காலரா, கப்பல் கப்பலாகத் தொற்றி இங்கே வந்து சேர்ந்ததாம். அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்கு நடக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கால் நகரவில்லை. பானர்மேன்?

"மாமா... நம்ம பானர்மேனா?"

"எந்த பானர்மேன்ல?"

"கயத்தாறு பானர்மேன்!"

வேறு ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே கயத்தாறு. அங்கே கட்டபொம்மன் சிலை இருக்கிறது. சிவாஜி கணேசன் முயற்சியில் வைத்த சிலை. டே ஸ்காலர்கள் தினமும் அந்த ஊர் வழியாகத்தான் வந்து போகிறோம், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு. 1799 செப்டம்பர் 5-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மேல் படையெடுத்து வந்தவர் மேஜர் பானர்மேன். அக்டோபர் 16-ல் மற்ற பாளையக்காரர்களை எல்லாம் வரச்சொல்லி, அவர்கள் கண் முன்னால் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டவர். 1959-ல் வந்த சிவாஜி படத்தில் அந்த வேஷம் ஜாவர் சீதாராமனுக்கு. ஊர்த் திருவிழாவில் திரை கட்டிப் போடும்போது அவர் வந்தாலே கூட்டம் கத்தும்.

கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. முதலில் வந்தது வேறு. ஆள் நிஜம்! சினிமா வில்லன் என்றே மனசில் பதிந்துபோன ஒருவருக்குப் பிறந்த வருஷம் இருக்கிறது, செத்த நாள் இருக்கிறது, வயிற்றுப்போக்கு வந்து செத்திருக்கிறார். பிறந்தது 1759. கட்டபொம்மன் பிறந்தது 1760 என்பார்கள். கிட்டத்தட்ட ஒரே வயசு. ஒருவருக்கு ஆயுசு 39 வருஷம். இன்னொருவர் இங்கிலாந்துக்குப் போய், கம்பெனி டைரக்டர்களில் ஒருவராகி, கவர்னராகத் திரும்பி வந்து, 60 வயசில் இங்கே படுத்திருக்கிறார், தலைமாட்டில் கெம்போஜா மரத்தோடு.

டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார். "ஏதாவது கேட்க வேண்டுமா?"

மாமா என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். "சொல்லுல. நீ சொல்லாட்டா இங்க யாரு சொல்லுவா?"

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்குத் தெரியும் அந்த நிமிஷம். பிராக்டிகலில் எக்ஸ்டர்னல் முன்னால் வைவாவுக்கு நிற்கிற மாதிரி நாக்கு ஒட்டிக்கொண்டது. இருபது பேர் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியா அம்மா ஆர்வமாகத் தலையை ஆட்டுகிறார். கிராமர் கிடக்கட்டும் என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊர் இன்ன இடம். அங்கே ஒரு பாளையக்காரர் இருந்தார். வரி கொடுக்க மறுத்தார். இந்த மனிதர் அவரைத் தூக்கில் போட்டார். அந்த இடத்தில் இன்று சிலை இருக்கிறது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இந்த மனிதர் பேர் தெரியும். அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். ஏழெட்டு வாக்கியம்தான். ஆனால் சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. பினாங்கு வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

யாரும் பேசவில்லை. டீச்சரம்மா தன் நோட்டைப் பிரித்து, "பெயருக்கு ஸ்பெல்லிங் சொல்" என்றார். சொன்னேன். அப்போது அந்த ஆஸ்திரேலியா அம்மா கேட்டார்: "அவரோடு இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?"

நல்ல கேள்வி. பதில் நம் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே பாடமாக வந்ததுதான். தம்பி ஊமைத்துரை மறுபடி கோட்டையைக் கட்டிச் சண்டை போட்டது, சிவகங்கை மருது சகோதரர்கள் சேர்ந்துகொண்டது, 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது, நவம்பரில் ஊமைத்துரையைத் தூக்கிலிட்டது... அதற்கடுத்த வரியை நினைவிருக்கிறதா? 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுக்கு' நாடு கடத்தினார்கள். பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களும் அதில் உண்டு. துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயசுதான் இருக்கும். ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணின வரி. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்றால் எங்கேயோ லண்டன் பக்கம் என்றுதான் என் வகுப்பில் பாதிப்பேர் நினைத்திருந்தோம்.

"பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு எங்கே இருக்கிறது?" என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன்.

அவர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இதுதான். பினாங்குக்குக் கம்பெனி வைத்த பெயர்."

சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் மயிர்க்கூச்செறிந்தது நிஜம்.

ஊருக்கு வந்த பிறகு இதைத் தேடிப் படித்தேன். ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு வெள்ளைக்கார ஆபீசர். சண்டைக்கு முன்னால் மருது சகோதரர்களோடு சிநேகமாக இருந்தவர், அவர்களிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பிற்பாடு அவர்களுக்கு எதிராகவே சண்டைக்குப் போனார். துரைசாமியைக் கப்பலேற்றும்போது காவலுக்கு இருந்தவரும் அவர்தான். 1830-ல் அவருடைய ராணுவ நினைவுகள் லண்டனில் புத்தகமாக வந்தது. அதில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். 1818-ல் அவர் பினாங்குக்கு வந்திருந்தபோது தளர்ந்துபோன ஒருவர் பார்க்க வந்தார். முதலில் அடையாளமே தெரியவில்லை. அவர்தான் துரைசாமி. வயசு முப்பதைத் தாண்டியதும் கிழவராகிவிட்டிருந்தார்.

1818. அந்த வருஷம் பினாங்கு கவர்னர் யார்? பானர்மேன். பாஞ்சாலங்குறிச்சியை இடித்தவர் கவர்னர் பங்களாவில். அந்தப் போரில் தோற்றவர்களின் வாரிசு அதே ஊர்த் தெருவில். தீவு ஒன்றும் பெரியதில்லை, நம் மாவட்டத்தில் ஒரு மூலைக்குக் காணாது. ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்களா? கவர்னர் கோச்சு வண்டி போகும்போது ஓரமாக ஒதுங்கி நின்றவர்களில் பாஞ்சாலங்குறிச்சி ஆள் யாராவது இருந்திருப்பாரா? நான் இப்படி யோசித்துப் பல நாள் ஸ்ட்ரக்சர்ஸ் கிளாஸைக் கோட்டைவிட்டேன். (ஐயா, இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

மறுபடி கல்லறைக்கு வருகிறேன். மாமா தன் ஆங்கிலத்தில் டீச்சரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "அந்த 73 பேருக்கு இங்கே கல்லறை உண்டா?"

"இது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான இடம். அவர்கள் இங்கே இருக்க முடியாது" என்றார் அவர். நியாயமான பதில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஆட்களும் எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்துவிட்டு வருகிறவர்கள்தானே, பெயர் வெட்டிக் கல் வைக்கிற பழக்கம் நமக்கு ஏது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அது பாதிதான் சரி என்று பட்டது. சண்டையில் விழுந்தவனுக்குக் கல் நடுகிற வழக்கம் நம்மிடம் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது, நடுகல் என்று. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில்கூட ஒன்று உண்டு, எண்ணெய் தேய்த்துக் கருத்துப்போய். ஆனால் கல் நட ஒரு தம்பியோ மகனோ பங்காளியோ பக்கத்தில் வேண்டும். கடல் தாண்டி ஒற்றையாகக் கொண்டுவந்து விடப்பட்டவனுக்கு யார் நடுவது?

தமிழனுக்கு அந்த ஊரில் சமாதியே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று சாயங்காலமே மாமா கூட்டிப்போய்க் காட்டினார். கப்பித்தான் கிளிங் மசூதி, 1801-ல் தொடங்கியது, சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் முஸ்லிம் வியாபாரிகளின் பள்ளிவாசல். அவர்களுடைய தலைவர் காதர் மொகிதீனின் சமாதி பக்கத்துத் தெருவிலேயே மரியாதையாக இருக்கிறது. குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-ல் கட்டின மாரியம்மன் கோயில் கோபுரம். ஆக, வியாபாரத்துக்கு வந்த தமிழர் பெயர் நின்றிருக்கிறது. விலங்கோடு வந்தவர் பெயர்தான் நிற்கவில்லை. பினாங்குக்கு 1801 என்றால் பள்ளிவாசல் எழும்பின வருஷம். திருப்பத்தூருக்கு 1801 என்றால் தூக்குமரம். அந்தப் பள்ளிவாசல் வாசலில் நின்று இதை மாமாவிடம் சொன்னேன். "ரொம்ப யோசிக்காதல, தல வலிக்கும்" என்று தேத்தாரே வாங்கிக் கொடுத்தார். தேத்தாரே என்றால் நம்ம டீதான், ஆற்றி ஆற்றி நுரை கட்டினது.

கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் டீச்சரம்மா கடைக்கே வந்துவிட்டார். பானர்மேன் கல்லுக்கு முன்னால் படிப்பதற்கு, கட்டபொம்மன் பற்றியும் துரைசாமி பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றார். உணர்ச்சி வசப்பட்டு எழுதாதே, தேதியும் ஊர்ப் பெயரும் சரியாக இருக்கட்டும், மற்றதைக் கேட்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கண்டிஷன். (டீச்சர் எங்கே போனாலும் டீச்சர்தான்.) ஊருக்கு வந்ததும் எழுதினேன். நம் ஆங்கிலத் துறை மேடம் சிவப்பு மையால் என் பக்கத்தை ரத்தக்களரி ஆக்கி, பிறகு டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றினார்கள். மூன்றாவது முறை எழுதினதை ஈமெயிலில் அனுப்பினேன்.

நாலு நாளில் பதில் வந்தது. பக்கம் நன்றாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நடையில் வாசித்துவிட்டாராம், பானர்மேன் முன்னால் இப்போது ஐந்து நிமிஷம் கூடுதலாக நிற்கிறார்களாம். கூடவே இன்னொரு வேண்டுகோள். துரைசாமி என்கிற பெயரைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி அனுப்ப முடியுமா? லாமினேட் பண்ணிக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம், கையால் எழுதினதாக இருக்கட்டும்.

இன்ஜினியரிங் டிராயிங்கில் நமக்கு ஆங்கில லெட்டரிங்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். தமிழுக்கு ஸ்டாண்டர்டு கிடையாது. ட்ராயிங் ஷீட்டில் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு இரண்டு கைடு லைன் இழுத்தேன். 'து'வின் கீழ்ச்சுழி கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்க வேண்டும், 'ரை'யின் கொம்பு அடுத்த எழுத்தோடு முட்டாமல் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ரூம்மேட் மூன்று பேரும் சேர்ந்து ராத்திரி பதினோரு மணி வரை சண்டை போட்டோம். முதலில் எச்பி பென்சில், பிறகு இந்தியன் இங்க். 'மி'யின் மேல் வளைவை மட்டும் என்னைவிட நன்றாகப் போடுவான் என்பதால் மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் போட்டான். மை காய்கிறவரை ஃபேனை நிறுத்திவிட்டு, நாலு பேரும் வேர்க்க வேர்க்க அந்த ஷீட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.